நாற்பத்தாறு கிலோவுக்கு ஒரு பலகை

கம்சனாவின் நிறை நாற்பத்தாறு கிலோ. இது அவளுக்கும் அவளுடைய வைத்தியருக்கும் மட்டும் தெரிந்த விசயம். கணவன் மதிசுதனுக்கும், யாழ்ப்பாணத்தில் இருக்கிற மாமியார் புஷ்பமலருக்கும், ஜேர்மனியின் வுப்பர்டாலில் கலியாண வீட்டிலும் கோயிலிலும் காண்கிற சனத்துக்கும் அவள் ஐம்பத்தாறு கிலோ. பதினொரு வருடமாக அப்படித்தான்.

அவள் பொய் சொல்லிப் பழகிய ஆள் இல்லை. எல்பர்ஃபெல்டில் ஒரு மருந்தகத்தின் பின்னறையில், வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கிற பூச்சு மருந்துகளைக் கலப்பது அவள் வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கரண்டி நுனியால் பொடியைத் தட்டித் தட்டி நிறுப்பாள். இம்மி பிசகினாலும் முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அப்படிப்பட்டவள் தன் உடம்பின் கணக்கில் மட்டும் பத்துக் கிலோவைக் கூட்டிச் சொன்னாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பிறவியிலேயே ஒல்லி அவள். நாலு வயதில் தாய் தகப்பனோடு ஜேர்மனிக்கு வந்த நாளிலிருந்து, எந்தச் சபைக்குப் போனாலும் "ஏன் பிள்ளை இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த வணக்கம். சின்ன வயதில் அந்தக் கேள்வி தாயின் தலையில் விழுந்தது. கலியாணத்துக்குப் பிறகு மதிசுதனின் தலையில் விழத் தொடங்கியது.

அவன் ஊரிலிருந்து கலியாணத்துக்காக வந்தவன். வந்த புதிதில் வேலையில்லை, பாஷையில்லை. காலையில் ஜேர்மன் வகுப்பு, பின்னேரம் கம்சனா வேலையால் வரும்வரை யன்னலோடு நிற்பது. அப்படி நாலாவது மாதம், கோயில் திருவிழாவில் எடுத்த படம் ஒன்றைத் தாய்க்கு அனுப்பினான். அரைமணித்தியாலத்தில் போன் வந்தது. இருவரும் ஒரே சோபாவில் இருந்தபடியால் சத்தத்தை வெளியே விட்டிருந்தான்.

"என்ன பிள்ளை, கலியாணத்துக்கு நிண்டதிலும் பாக்க வத்திப்போய்க் கிடக்கிறாய்? உவன் உனக்கு ஒழுங்காச் சாப்பாடு தாறேல்லையோ?" புஷ்பமலரின் குரல் அறையை நிறைத்தது. "மனுசியைப் பாக்கத் தெரியாதவனை அனுப்பிவிட்டிருக்கிறாள் எண்டு சனம் என்னைத்தான் கேக்கும். ஒளிக்காமல் சொல்லு, இப்ப எத்தனை கிலோ?"

கம்சனா மதிசுதனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து, சம்பாத்தியம் இல்லாத தன் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அந்த நாட்டில் அவனுக்கு இருந்தது ஒரு சாண் பெருமைதான். அதையும் தாய் உருவிக்கொண்டிருந்தாள்.

"ஐம்பத்தாறு மாமி," என்றாள் கம்சனா. "கலியாணத்துக்கு நிண்டது நாப்பத்தாறு. இவர் சமைச்சுத் தந்து தந்து பத்துக் கிலோ வைச்சுப்போட்டன். படத்திலதான் அப்பிடித் தெரியுது."

மதிசுதன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அதுவரை அவன் சமைத்தது மொத்தமாகப் பருப்பும் முட்டைப் பொரியலும்தான்.

அதன்பிறகு அவன் மெய்யாகவே சமைக்கத் தொடங்கினான். போனில் தாயிடம் கேட்டுக் கேட்டு நண்டுக் கறி, ஒடியல் கூழ், கணவாய்ப் பிரட்டல் என்று சனிக்கிழமைகள் முழுக்க அடுப்படியில் நின்றான். ரெம்ஷைட்டில் மரம் அரிகிற வாள் அலகு செய்கிற தொழிற்சாலையில் சாணை பிடிக்கும் வேலை கிடைத்து, அதில் அவன் நிறைந்த கெட்டிக்காரன் ஆனபிறகும் சனிக்கிழமைச் சமையல் நிற்கவில்லை. "என்ர மனுசி பத்துக் கிலோ வைச்சது என்ர கையாலை," என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லுவான். ஒருமுறை கம்சனா கணுக்கால் பிரண்டு கிடந்தபோது அவளை நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறினான். "ஐம்பத்தாறு கிலோ எண்டு சொன்னா ஆரும் நம்பாயினம். பஞ்சு மாதிரிக் கிடக்கு!" என்றான். "உங்களுக்குப் பலம் கூடிப்போச்சு," என்றாள் அவள். ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

வீட்டில் நிறுக்கிற மெஷின் கிடையாது. ஒருநாள் வாங்குவோமா என்று கேட்டான். "நாள் முழுக்கத் தராசோட மாரடிக்கிறன், வீட்டிலையும் வேணுமோ?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

இந்தப் பொய் ஒருவருக்கும் கெடுதல் செய்யாமல் கிடந்திருக்கும், கம்சனாவுக்குப் பனியில் சறுக்குகிற பைத்தியம் இல்லாமல் இருந்திருந்தால்.

அது இருபத்தெட்டு வயதில் பிடித்தது. மருந்தகத்துக்காரர் எல்லாரும் ஒருநாள் வின்டர்பேர்க் பனிமலைக்குப் போனார்கள். வாடகைக்கு எடுத்த ஸ்னோபோர்ட் என்கிற சறுக்குப் பலகையில் கால்களைப் பூட்டிக்கொண்டு கம்சனா அன்று நாற்பது தரமாவது விழுந்திருப்பாள். ஆனால் நாற்பத்தோராவது தரம் விழாமல் முப்பது மீற்றர் போனாள். அந்த முப்பது மீற்றர் அவளை விடவில்லை. ஒவ்வொரு மாரிப் பனிக்காலத்திலும் ஆறேழு நாள் போய்வரத் தொடங்கினாள். மதிசுதனும் கூடப் போவான். அவன் ஏறமாட்டான். "எனக்கு நிலத்தில நடக்கவே இஞ்ச வழுக்குது," என்று சொல்லி, தேத்தண்ணிப் போத்தலோடு அடிவாரத்தில் நிற்பான்.

ஏழு வருடத்துக்கு முன்னர் ஒரு காலையில், மலை உச்சிக்கு ஏற்றுகிற லிப்ட் கதிரையில் போகும்போது கம்சனா கீழே ஒரு பெண்ணைக் கண்டாள். நரைத்த பின்னல் தலைக்கவசத்துக்கு வெளியே ஆடியது. அந்தப் பெண் பலகையை அதன் இரும்பு ஓரத்தில் நிறுத்தி, உடம்பைப் பனியோடு பனியாகச் சாய்த்து, பெரிய பெரிய வளைவாகக் கீழே இறங்கினாள். பனி சிதறவில்லை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவள் போன வழியில் பேனாக்கத்தியால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு மட்டும் கிடந்தது. அதற்குப் பெயர் கார்விங் என்று பிறகு அறிந்துகொண்டாள். பலகை வழுக்கித் திரும்பினால் பனியில் அகலமாகத் துடைத்த தடம் விழும். ஓரத்திலேயே நின்று வளைந்தால் கோடு விழும்.

கம்சனாவின் தடங்கள் எல்லாம் விளக்குமாற்றால் கூட்டினது போலத்தான் இருந்தன. ஏழு மாரி முயன்றாள். படித்தாள், படம் பார்த்தாள், ஒருமுறை காசு கட்டிப் பாடமும் எடுத்தாள். அந்த ஒரு கோடு வரவில்லை. போன வருடம் கடைசி நாள், காரில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "வாற மாரியோட சரியப்பா. நாப்பது வயசும் வந்திடும். அதுக்குள்ளயும் வராட்டில் எல்லாத்தையும் வித்துப்போட்டு, பேசாமல் வீட்டில இருக்கப்போறன்."

மதிசுதன் காரை எடுக்காமல் அவளுடைய பழைய பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். மலிவுச் சந்தையில் வாங்கியது. நடுவில் தொய்ந்து, ஓரம் மழுங்கிக் கிடந்தது.

"குறை உம்மில இல்லை," என்றான். "ஆயுதத்தில. பழுதான வாளைக் குடுத்துப்போட்டு நேராய் அரி எண்டால் ஆர் அரிப்பினம்? விடும். நான் பாக்கிறன்."

அவன் பார்த்த பார்வை எட்டு மாதம் நீண்டது. தொழிற்சாலையிலும் அவன் அப்படித்தான். ஒரு அலகு ஏன் கோணல் வெட்டுகிறது என்று தெரியாவிட்டால், இடைவேளையிலும் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பான். எவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்து, பிழை விட்டு, திரும்பச் செய்து படித்தவன். ஸ்னோபோர்டையும் அவன் ஒரு நாளும் மிதிக்காமலே படித்தான். கட்டம் போட்ட கொப்பி ஒன்று நிறைந்தது. பின்னேரச் சாப்பாட்டோடு அவளுக்கு அதிலிருந்து வாசிப்பான்.

"ஆளின்ர உயரத்தைப் பாத்து வாங்கிறது பழைய கதை கம்சி. நிறையைத்தான் பாக்கவேணும். பலகை வில்லு மாதிரி. ஏறி நிக்கிற ஆளின்ர பாரத்துக்கு வளைஞ்சு குடுத்தாத்தான் ஓரம் முழுக்கப் பனியைப் பிடிக்கும். இறுக்கம் கூடினா வளையாது. வளையாட்டில் நேராய் ஓடும், இல்லாட்டில் வழுக்கும்."

"அப்ப இளக்கமான பலகையா வாங்குங்கோவன்."

"இளக்கம் கூடினா வேகத்தில உதறும். அதுக்கும் அளவு இருக்கு." அடுத்த பக்கத்தைத் திருப்புவான். "பிறகு இடுப்பு. பலகையின்ர நடு அகலம். கால் சின்னன் எண்டால் இடுப்பும் ஒடுங்கலா இருக்கவேணும். அகலமாய் இருந்தா ஒரு ஓரத்தில இருந்து மற்ற ஓரத்துக்குச் சாயிறதுக்குள்ள மலை முடிஞ்சிடும்."

அவளுடைய சப்பாத்தைக் கடதாசியில் வைத்துக் கீறி அளந்தான். நிற்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தான். முழங்கால் உயரத்தைக்கூட அளந்தான். புதிதாய் நல்ல கார்விங் பலகை வாங்க அவர்களால் ஏலாது. அதனால் போன வருட மொடல்கள், ஒருதரம் இருதரம் பாவித்து விற்கிறவை என்று வலைவீசித் தேடினான். வாங்குமுன் ஒவ்வொன்றின் ஓரத்தையும் பெரிதாக்கிப் படம் அனுப்பச் சொல்லி விற்கிறவர்களுக்கு அலுப்புக் கொடுத்தான்.

கார்த்திகையில் ஒருநாள், கம்சனா ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு நிற்க, கொப்பியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"பீலெஃபெல்டில ஒண்டு கிடக்கு. மூண்டு தரம்தான் ஓடினதாம். எல்லாம் பொருந்துது. ஐம்பத்தைஞ்சில இருந்து எழுபத்தைஞ்சு கிலோ ஆளுக்கு எண்டு போட்டிருக்கு." பென்சிலைக் காதில் இருந்து எடுத்தான். "உமக்கு இப்பவும் ஐம்பத்தாறுதானே?"

கம்சனாவின் கை மாவுக்குள் நின்றது. சொல்லிவிடலாம். ஒரு சொல்லுத்தான். ஆனால் சொன்னால் போவது ஒரு எண் மட்டும் அல்ல. பதினொரு வருடச் சனிக்கிழமைகள், நண்டுக் கறி, நாலு மாடி ஏறிய பெருமை, எல்லாவற்றிலும் இருந்து பத்துக் கிலோ கழியும். அவன் முகம் எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதை ஒருதரம் கண்டிருக்கிறாள்.

"ஓம்," என்றாள்.

அவன் எழுதிக்கொண்டான். அந்தக் கொப்பி முழுவதிலும் அவன் தன் கையால் அளக்காமல், கேட்டு எழுதியது அது ஒன்றுதான்.

தை மாதம் முதல் கிழமை வின்டர்பேர்க்கில் பனி இறுகிக் கிடந்தது. பலகை பார்க்க வடிவாக இருந்தது. கறுப்பு, ஓரத்தில் ஒரு வெள்ளிக் கோடு. வரும்முன் மதிசுதன் அதன் ஓரத்தைத் தானே சாணை பிடித்திருந்தான். நகத்தை வைத்து இழுத்தால் சீவல் வந்தது. கம்சனா மேலே போய், நல்ல சரிவாகப் பார்த்து, பலகையை ஓரத்தில் சாய்த்தாள்.

பலகை தண்டவாளத்தில் போவதுபோல நேரே ஓடியது. அவள் முழங்காலை மடித்து அழுத்தினாள். வளையவில்லை. மரக்கட்டை ஒன்றின்மேல் பூனைக்குட்டி நிற்கிறதுபோல இருந்தது அவளுக்கு. வேகம் கூடி, பயம் வந்து, பலகையைக் குறுக்கே தள்ளினாள். அது இடறி அவளை எறிந்தது. எழும்பி மற்றப் பக்கம் சாய்த்தாள். அதுவும் அப்படித்தான். மத்தியானத்துக்குள் இடது இடுப்பு கன்றிப்போனது.

கீழே மதிசுதன் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வந்து சேர்ந்ததும் அவளைப் பார்க்கவில்லை, அவள் வந்த வழியைப் பார்த்தான். முழுக்கத் துடைத்த தடம்.

"ஓரத்தின்ர கோணம் பிழைச்சிருக்கும்," என்றான். "ஒரு பாகை கூட்டிப் பிடிக்கிறன்."

பிடித்தான். மூன்று கிழமை கழித்துத் திரும்பப் போனார்கள். பாதம் பூட்டுகிற இடத்தை முன்னும் பின்னும் மாற்றினான். அடியில் மெழுகு தேய்த்தான். அதே தண்டவாளம், அதே விழுகை.  வீடு திரும்பும் வழியில், ஹாகன் நகரம் தாண்டினபிறகு, வீதியைப் பார்த்தபடி, "எனக்கு விளங்காத வேலையில கை வைச்சுப்போட்டன் போல," என்றான். கம்சனா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடுப்பு நோவு அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் மத்தியான வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது, இருப்பறையில் மேசை சுவரோடு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு கதிரைகளின்மேல் பாலம்போலப் பலகை கிடந்தது. பக்கத்தில் அரிசி மூட்டைகள்.

"உது என்ன, அன்னதானமோ?"

"லவன் அண்ணையின்ர கடையில இரவல்," என்றான் மதிசுதன். முழங்காலில் நின்று பலகைக்குக் கீழே ஒரு மரத்துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். "ஐம்பது கிலோ அரிசியைக் கண்டிட்டு, வீட்டில என்ன விசேசம் எண்டு கேட்டார். மனுசியை அளக்கப்போறன் எண்டன். பயந்துபோனார்."

அவன் எழும்பி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பலகையின் நடுவில் அடுக்கத் தொடங்கினான். "பத்துக் கிலோ மூட்டை அஞ்சு. அஞ்சு கிலோ மா ஒண்டு. ஒரு கிலோ சீனி." கடைசியில் சீனிப் பையை உச்சியில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் வந்தான். "இதுதான் நீர். ஐம்பத்தாறு."

அரிசியாலும் மாவாலும் சீனியாலும் செய்த தன்னைக் கம்சனா பார்த்துக்கொண்டு நின்றாள். பலகை மெல்ல மெல்ல வளைந்து கீழேயிருந்த மரத்துண்டைத் தொட்டது.

"பாரும்," என்றான். அவன் குரலில் சந்தோசம் இல்லை. "ஓரம் முழுக்கப் பனியைப் பிடிக்கவேணும் எண்டால் எவ்வளவு வளையவேணும் எண்டு கணக்குப் பாத்துத்தான் அந்தக் கட்டையை வைச்சனான். தொடுது. அச்சொட்டாத் தொடுது. கணக்குச் சரி, பலகை சரி. அப்ப மலையில ஏன் வளையேல்லை?" அவன் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினான். சாணை பிடித்துக் காய்த்த விரலால் பலகையின் ஓரத்தைத் தடவினான். "எட்டு மாசம் மண்டையைப் போட்டு உடைச்சன். உம்மட ஏழு வருச ஆசை. கடைசி வருசத்தையும் நான் பாழாக்கிப்போட்டன் கம்சி. இதை வித்துப்போடுவம். இனி நான் இதில கை வைக்கேல்லை."

கம்சனா கோட்டைக் கழற்றாமலே கிட்டப் போனாள். சீனிப் பையை எடுத்து நிலத்தில் வைத்தாள். மாப் பையை எடுத்து வைத்தாள். பிறகு மேலே கிடந்த அரிசி மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி, மூச்சு வாங்க, சோபாவில் போட்டாள். மாவையும் சீனியையும் திரும்பப் பழைய இடத்தில் வைத்தாள்.

பலகை நிமிர்ந்தது. கட்டைக்கும் அதற்கும் நடுவில் இப்போது ஒரு விரல் போகலாம்.

"ஏன் எடுத்தனீர்?"

"இதுதான் நான்," என்றாள் கம்சனா.

அவன் பலகையைப் பார்த்தான், சோபாவில் கிடந்த மூட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அளவுகளோடு சீவிக்கிறவனுக்குக் கழித்தல் செய்ய நேரம் எடுக்காது. ஆனாலும் அவன் நேரம் எடுத்தான்.

"நாப்பத்தாறோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம் மெலிஞ்சனீர்? ஏதும் வருத்தமோ? டொக்டரிட்ட நேரம் எடுத்தனீரோ?" பதறிக்கொண்டு எழும்பினான்.

"ஒரு வருத்தமும் இல்லை. நான் எப்பவும் நாப்பத்தாறுதான். கலியாணத்துக்கு நிண்டதும் அதுதான், இண்டைக்கும் அதுதான்."  "மாமி அண்டைக்கு உங்களைப் பேசினவா. நீங்கள் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தனீங்கள். எனக்குப் பாக்க ஏலாமல் போச்சு. வாயில வந்ததைச் சொன்னன். பிறகு நீங்கள் சந்தோசப்பட்டியள். பிறகு சமைச்சியள். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

மதிசுதன் சோபாவில், அந்த மூட்டைக்குப் பக்கத்தில் போய் இருந்தான்.  வெளியே படியில் யாரோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற சத்தம் கேட்டது. அவன் கையை எடுத்து மூட்டையின்மேல் வைத்தான். கோழியைத் தடவுகிறதுபோல இரண்டுதரம் தடவினான்.

"அப்ப பதினொரு வருசமா நான் சமைச்சுத் தந்ததெல்லாம்?"

"நான் ஒரு பருக்கை மிச்சம் விட்டிருப்பனோ? சொல்லுங்கோ. அது உடம்பில ஒட்டேல்லை, அவ்வளவுதான். என்ர அப்பாவும் உப்பிடித்தான், தின்னத் தின்ன ஈர்க்கு."

"நண்டுமோ?"

"நண்டும்."

அவன் முகம் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்து அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். சிரிப்புத்தான் வந்தது அவனுக்கு, முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. "நாலு மாடி! நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறிப்போட்டு, ஒரு கிழமை பக்டரியில எல்லாருக்கும் சொன்னனான்!"

"நாப்பத்தாறும் பாரம்தானே," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் சிரித்து முடித்து, பெருமூச்சு விட்டான். பிறகு நிமிராமலே கேட்டான்: "அண்டைக்கு நான் அப்பிடியோ இருந்தனான்? தலையைக் குனிஞ்சு?"

"ஓம்."

"எனக்கு அது ஞாபகம் இல்லை. நீர் ஐம்பத்தாறு எண்டு சொன்னதுதான் ஞாபகம் கிடக்கு." அவளுடைய கையைப் பிடித்து இழுத்து, மூட்டைக்கு மற்றப் பக்கத்தில் இருத்தினான். "சரி. அம்மா இனிக் கேட்டா என்ன சொல்லுறது?"

கம்சனா கொஞ்சம் யோசித்தாள்.

"ஐம்பத்தாறு."

"அதுவும் சரிதான்," என்றான்.

அன்று பின்னேரமே அவன் கொப்பியில் புதுப் பக்கம் தொடங்கினான். அதற்கு முன் கடைக்குப் போய் ஒரு நிறுக்கிற மெஷின் வாங்கிவந்தான். கம்சனாவைச் சப்பாத்து, தலைக்கவசம், கையுறை, தடித்த சட்டை எல்லாம் போடச்சொல்லி, குளிக்கிற அறையில் அதன்மேல் ஏற்றினான். குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தானே வாசித்தான். ஐம்பத்திரண்டு. இறங்கி ஏறச்சொன்னான். திரும்பவும் ஐம்பத்திரண்டு. அப்போதுதான் எழுதினான்.

இருவருமாகத் தேடியபோது வேறொரு உலகம் திறந்தது. ஐம்பது அறுபது கிலோவுக்குக் கீழான ஆட்களுக்குச் செய்கிற கார்விங் பலகைகளில் அரைவாசி, சறுக்குச் சங்கங்களில் போட்டிக்குப் பழகுகிற பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கானவை. பிள்ளைகள் வளர்ந்துவிடும். இரண்டு மாரியில் பலகை போதாமல் போக, தாய் தகப்பன் கிடைத்த விலைக்கு விட்டுவிடுவார்கள். பெரியவர்களின் பலகையில் பாதி விலைகூட வராது.

"சின்னப் பிள்ளையளின்ர பலகையில நானோ?" என்று கம்சனா முகத்தைச் சுழித்தாள்.

"பலகைக்கு உம்மட வயசு தெரியாது," என்றான் மதிசுதன். "பாரம்தான் தெரியும்."

கடைசியில் அகப்பட்டது சவுவர்லாந்துக் கிராமம் ஒன்றில். நூற்று நாற்பத்தாறு சென்ரிமீற்றர் நீளம், நாற்பதிலிருந்து அறுபது கிலோ வரை, இடுப்பு ஒடுக்கம். கண்ணைப் பறிக்கிற ஊதா நிறத்தில், முன்பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு ஓநாய். மதிசுதன் வாங்குமுன் அதை விற்கிற வீட்டு வாசற்படிகளுக்கு நடுவில் பாலமாக வைத்து, கம்சனாவை அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னான். வீட்டுக்காரப் பெண் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பலகை கம்சனாவுக்கு வளைந்து கொடுத்தது. கறுப்புப் பலகை வாங்கிய விலைக்கே அறுபத்தெட்டுக் கிலோ ஜேர்மன்காரி ஒருத்தியிடம் போனது.

மாசி முடிகிற கிழமையில், அந்த மாரியின் கடைசிப் பனியில், ஒரு காலை ஒன்பது மணிக்குக் கம்சனா லிப்டில் ஏறினாள். இரவு இறுகிய பனியில் இன்னும் யாரும் இறங்கியிருக்கவில்லை. மேலே போய்க் காலைப் பூட்டினாள். கீழே, சரிவின் ஓரத்து வேலியோடு மதிசுதன் சின்னதாகத் தெரிந்தான். இன்றைக்கு அவன் தேத்தண்ணிப் போத்தலைத் திறக்கவில்லை.

முதல் இரண்டு வளைவும் பழக்கதோசத்தில் வழுக்கின. இந்த மாரி முழுக்கக் கறுப்புப் பலகையை மிதித்துப் பழகிய கால், தேவைக்கு மேல் மிதித்தது. மூன்றாவதில் அவள் மிதிக்கவில்லை. பலகையைக் குதிகால் ஓரத்தில் சாய்த்து, வெறுமனே இருந்தாள், கதிரையில் இருக்கிறதுபோல. அடியில் ஏதோ பிடித்தது. பலகை தானாக வளைந்தது. அந்த வளைவு அவளைச் சுற்றிக்கொண்டுபோனது. அவள் ஒன்றும் செய்யவில்லை. காதுக்குள் ஒரு சின்ன 'ஸ்ஸ்' தவிர வேறு சத்தம் இல்லை. எங்கேயோ ஒரு இடத்தில் மலை பக்கவாட்டில் நின்றது, வானம் காலடிக்கு வந்தது. பிறகு கால்விரல் பக்கத்து ஓரத்துக்கு மாறும்போது தடுமாறி, வழுக்கி, பனியில் முகம் குப்புற விழுந்தாள்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது மதிசுதன் வேலியோரமாக மலையில் ஏறிக்கொண்டிருந்தான். நிலத்தில் நடக்கவே வழுக்குகிற ஆள், ஒரு கையால் வேலி வலையைப் பிடித்து, மற்றக் கையைப் பனியில் ஊன்றி, நாலு காலில் வந்தான். அவளிடம் வரவில்லை. அவளைத் தாண்டி மேலே போய், அந்த மூன்றாவது வளைவு கிடந்த இடத்தில் முழங்காலில் இருந்தான்.

"என்னப்பா, அடிபட்டுதோ எண்டும் கேக்கமாட்டியளோ?"

"பொறும்," என்றான் அவன். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினான். சாணைக்காரனின் பெருவிரல் நகத்தைக் கோட்டுக்குள் வைத்து, மெல்ல, ஓரிடமும் விடாமல், கை எட்டிய தூரம்வரை இழுத்துக்கொண்டு போனான். "ஒரு இடத்திலையும் பிசிறில்லை," என்றான்.  "வந்து பாரும். ஒரு இடத்திலையும்."

கம்சனா பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறிவந்து அவன் பக்கத்தில் இருந்தாள். பனியில் கோடு கிடந்தது. பதினைந்து மீற்றர் இருக்கும். அரிவாள்போல வளைந்து, தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் மட்டும் கொஞ்சம் கலைந்து. இருவரும் அதை மிதித்துவிடாமல் காலை மடக்கி வைத்துக்கொண்டார்கள்.

"மற்றப் பக்கம் இன்னும் துடைக்குது," என்றாள் அவள்.

"மற்றப் பக்கத்தை அடுத்த மாரிக்குப் பாப்பம்."

"அடுத்த மாரிக்கோ? இப்ப மணி ஒம்பதேகால்தான் ஆகுது."

மேலே, சறுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வரிசையாக, வாத்துக்குஞ்சுகள்போலச் சரிவின் விளிம்பில் வந்து நின்றார்கள். இன்னும் ஒரு நிமிடத்தில் இந்த வழியால்தான் இறங்குவார்கள். மதிசுதன் அவர்களைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், அவசர அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவிப் போனை எடுத்தான். குளிரில் விரல் விறைத்து அது திறக்க மறுத்தது. கம்சனா அவன் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"விடுங்கோ, அழிஞ்சா அழியட்டும்," என்றாள். "நான் இன்னொண்டு போட்டுத்தாறன்."

அவள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு லிப்டை நோக்கி இறங்கத் தொடங்கினாள்.